ஒன்பது வரித் திருத்தம்

மீரா சாகிப் ஜெராக்ஸ் கடை வாசலில் செருப்பைக் கழற்ற இராஜாங்கம் வேண்டுமென்றே நேரம் எடுத்துக்கொண்டான். அப்பா வீரையன் அதற்குள் படியேறிவிட்டார். ஒரு கையில் அரைக்கிலோ மைசூர்பாகு, இன்னொரு கையில் பிளாஸ்டிக் கவருக்குள் வைத்த தாலுகா ஆபீஸ் உத்தரவு. ஊரில் பஸ் ஏறியதிலிருந்து மனுஷன் அந்தக் கவரை மடியை விட்டு இறக்கவில்லை. மயிலாடுதுறை வருவதற்குள் பக்கத்து சீட்டுக்காரர், கண்டக்டர், மீன் கூடைக்காரி என்று மூன்று பேரிடம் பிரித்துக் காட்டியாயிற்று. "எம் பேரு, பாருங்க, சாகுபடிதாரர் வீரையன்" என்று விரலை வைத்துக் காட்டினார். அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் அந்த ஒரு வரி பக்கத்தில் எங்கே இருக்கிறதென்று கண்ணை மூடிக்கொண்டே தொடுவார்.

ஆறு மா நிலம் அது, ரெண்டு ஏக்கர் வரும். கோயில் பூஜைக்கென்று எழுதிவைத்த ஒரு கட்டளைக்குச் சொந்தம். வீரையனின் அப்பா அதில் பண்ணையாள், வீரையன் குத்தகைக்காரர். முப்பது வருஷமாக உழுதது, நட்டது, அறுத்தது, களத்தில் நெல் அளந்து கொடுத்தது எல்லாம் வீரையன்தான். குத்தகைப் பதிவேட்டில் சாகுபடி செய்பவர் என்று எழுதியிருந்தது மட்டும் கட்டளை ஏஜெண்ட் குஞ்சிதபாதத்தின் பெயர். நல்லபடி நடந்துகொண்டிருந்தவரை யாரும் ஏட்டைப் புரட்டவில்லை. மேட்டூரில் தண்ணீர் இல்லை, குறுவை போச்சு என்றானதும் கட்டளைக்காரர்கள் புரட்டினார்கள். குத்தகை நெல் வரவில்லை, நிலத்தை விட்டு இறங்கு என்றார்கள். நான் ஏன் இறங்கணும் என்று கேட்டதற்கு, நீ யாரு, ஏட்டில் உன் பேரு இருக்கா என்றார்கள். இத்தனை வருஷத்தில் கோட்டையில் ஆட்சி எத்தனையோ தடவை மாறியிருக்கிறது, ஊர் முனையில் கொடிக்கம்பத்துக்கு மாற்றி மாற்றி வர்ணம் அடித்திருக்கிறார்கள், ஏட்டில் குஞ்சிதபாதம் மட்டும் அசையவே இல்லை. கடைசியில் அந்தக் கட்டளை நிலங்களில் உழுகிற நாற்பத்து மூன்று பேர் சேர்ந்து போன ஆடியில் மனுப் போட்டார்கள். விசாரணையில் குஞ்சிதபாதம், "கவனக்குறைவா நடந்துபோச்சுங்க சார்" என்று சொன்னாராம். அதைச் சொல்லிச் சொல்லி வீரையன் பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தார்.

"முப்பது வருசமாவாடா ஒரு மனுசனுக்குக் கவனக்குறைவு இருக்கும்?"

மகனும் சிரித்தான். சிரிக்காமல் என்ன செய்வான்? ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, தண்ணீர் வராத வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே சிரித்தான். ஆனி மாதம் பிறந்தும் நாற்றங்காலுக்குக்கூட ஈரமில்லை. இது மூன்றாவது வருஷம்.

அவன் பயம் வேறு. அந்தக் கடையில் சைத்தூன் பீவி என்று ஒரு பெண் இருந்தாள். இராஜாங்கம் அவளைப் பார்த்ததில்லை. ஆனால் இந்தப் பூமியில் அவன் யார் முகத்தில் விழிக்கக் கூடாதென்று நினைத்தானோ அவள்தான் அது. அப்பாவோ அவளுக்கு நன்றி சொல்ல அவனைக் கையோடு கூட்டிவந்திருந்தார்.

கதையை முதலிலிருந்து சொல்லிவிடுவதுதான் நியாயம். இராஜாங்கம் சென்னையில் சின்னக் கம்பெனி ஒன்றில் இருந்தபோது, ஓய்ந்த நேரத்தில் ஒரு சாப்ட்வேர் எழுதினான். பழைய பிரிண்டர்களில் தமிழ் அச்சடிப்பதற்கானது. தாளடி என்று பெயர் வைத்தான். குறுவை அறுத்த வயலில் அடுத்தபடியாக நடுகிற பயிரின் பெயர், தாளில் அடிப்பதற்கும் பொருந்துகிறதே என்று அவனுக்கு ஏக சந்தோஷம். யாருக்கும் இலவசம். யார் வேண்டுமானாலும் உள்ளே இருக்கிற நிரலை, அதாவது புரோகிராம் வரிகளைப் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். திருத்தினால், மாறிய வரிகளை மட்டும் அவனுக்கு ஈமெயிலில் அனுப்ப வேண்டும். போகிற வரிக்கு முன்னால் கழித்தல் குறி, வருகிற வரிக்கு முன்னால் கூட்டல் குறி. சரியாக இருந்தால் இராஜாங்கம் அதைச் சேர்த்துக்கொண்டு, நிரலின் தலைப்பில் உள்ள பட்டியலில் அனுப்பியவர் பெயரை எழுதுவான். சிங்கப்பூரிலிருந்து நெய்னா முகம்மது என்று ஒருவர், இன்னும் எங்கெங்கோ இருந்து இருபது முப்பது பேர் ஒரு ஈமெயில் குழுவில் இதைப் பேசிக்கொண்டிருந்தார்கள். இந்த வேலைக்குக் கூலி கிடையாது, பெயர்தான் கூலி. இந்த வாக்கியத்தை விதிமுறையில் எழுதிவைத்ததே இராஜாங்கம்தான், வேடிக்கை அதுதான்.

போன வருஷம் பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது, அப்பாவின் ஆட்கள் மனு அடிக்கிற கடையாயிற்றே என்று மீரா சாகிப்பிடம் ஒரு சிடி கொடுத்துவிட்டுப் போனான். ஏழு மாதம் கழித்து அந்தக் கடையின் பொது முகவரியிலிருந்து ஒரு மெயில் வந்தது. "ஐயா, தாளடியில் பக்கம் சரியாக நிறையும்போது கடைசி வரி அச்சாகாமல் விட்டுப்போகிறது. ஒரு விவசாயிகள் மனுவில் இரண்டு பேர் பெயர் இப்படி விட்டுப்போய் பெரிய சங்கடம் ஆகிவிட்டது. மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தேன். அடுத்த பக்கத்துக்குப் போகும் அவசரத்தில் கையில் இருக்கும் வரியைக் கீழே போட்டுவிடுகிறது. ஒன்பது வரியில் சரிசெய்து அனுப்பியிருக்கிறேன். இப்படிக்கு, சைத்தூன் பீவி, மயிலாடுதுறை."

அந்தப் பிழையை இராஜாங்கம் ஆறு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தான். குழுவில் நாலு பேர் புகார் சொல்லியும் அவனுக்கு அகப்படவில்லை. ஜெராக்ஸ் கடையில் மனு டைப் அடிக்கிற ஒரு பெண் மூன்று நாளில் பிடித்துவிட்டாள். படித்ததும் முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, எரிச்சல். திருத்தத்தைப் போட்டுப் பார்த்தான், கச்சிதமாக வேலை செய்தது. எரிச்சல் இன்னும் கூடிவிட்டது. அச்சாகாமல் நிற்கும் அந்த வரிக்கு நிரலில் அவள் 'கடைசி' என்று பெயர் வைத்திருந்தாள், இங்கிலீஷ் எழுத்தில். அதை அழித்து 'லாஸ்ட்' என்று மாற்றினான். இரண்டு அடைப்புக்குறியை இடம் மாற்றினான். தலைப்பில், 'கடைசி வரிப் பிழையைத் திருத்தியவர்: வீ. இராஜாங்கம்' என்று எழுதினான். கடை முகவரியிலிருந்து வந்த மெயில்தானே, யார் எழுதியதோ என்று மனசு உடனே ஒரு சமாதானம் சொன்னது. கீழே பெயர் எழுதியிருந்தாளே என்று கேட்க அப்போது பக்கத்தில் யாரும் இல்லை. அவளுக்குப் பதில் போடவுமில்லை.

குழுவில் எல்லோரும் புகழ்ந்தார்கள். பெங்களூர்க் கம்பெனி இன்டர்வியூவில், அந்தப் பிழையை எப்படிப் பிடித்தாய் என்று கேட்டார்கள். விவசாயிகள் மனு ஒன்று அடித்துக்கொண்டிருந்தேன், இரண்டு பேர் பெயர் விட்டுப்போயிற்று, மூன்று நாள் தூங்கவில்லை என்று பலகையில் படம் போட்டே சொன்னான். வரியைத் திருடியது போதாதென்று கதையையும் திருடினான். வேலை கிடைத்தது. அடுத்த மாதம் ஆறு மாதத்துக்கு ஜெர்மனி. அவன் மேனேஜர்கூட அந்தக் குழுவில் சேர்ந்துவிட்டார்.

"வாங்க ஐயா, உக்காருங்க" என்று ஒரு குரல் கேட்டது.

இருபத்து மூன்று, இருபத்து நாலு வயசுதான் இருக்கும். தலையில் முக்காடு, மூக்குக் கண்ணாடி. கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்து எழுந்து, வீரையனுக்குத் தன் நாற்காலியையே இழுத்துப் போட்டாள். அவளுடைய மாமா மீரா சாகிப் மிஷினில் பட்டா நகல் எடுத்துக்கொண்டே தலையாட்டினார்.

"உத்தரவு வந்திடுச்சு பாப்பா! பாரு, பாரு" என்று வீரையன் கவரைப் பிரித்தார். "கிராம ஆபீசர் ஏட்ட எங் கண்ணு முன்னாடியே திருத்தினாரு. குஞ்சிதபாதம்ங்கிற பேர செவப்பு மையில ஒரே கோடா அடிச்சிட்டு, மேல எம் பேர எழுதினாரு. இந்தா, வாய இனிப்பாக்கு."

அவள் ஒரு துண்டு எடுத்து ஒரு தாளில் வைத்து, தாளைக் கீபோர்டு பக்கத்தில் வைத்தாள். உத்தரவை நிதானமாகப் படித்தாள். முகம் மலர்ந்துவிட்டது. "ரொம்ப சந்தோசம் ஐயா" என்றாள். அது நிஜமான சந்தோஷம் என்று இராஜாங்கத்துக்குத் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்கத்தான் முடியவில்லை.

"இந்தப் பொண்ண நான் என்னா பேச்சு பேசிட்டேன் தெரியுமாடா?" வீரையன் மகன் பக்கம் திரும்பினார். "மொதல்ல குடுத்த மனுவுல எம் பேரு இல்ல. நாப்பத்து மூணு பேர்ல நானும் இளையபெருமாளும் இல்ல. தாலுகா ஆபீஸ்ல, நீ மனுவே போடலியேன்னுட்டான். ஏஜெண்டுகிட்ட காசு வாங்கிட்டு எம் பேர எடுத்திட்டியான்னு இங்க வந்து கத்திட்டேன். ரோட்டுல போறவனெல்லாம் நின்னு பாத்தான். பாவம், அழுதுகிட்டே, நான் எடுக்கலங்க ஐயா, அடிச்சேங்க ஐயான்னு சொன்னிச்சு."

அப்பா சொல்லி முடிப்பதற்குள் இராஜாங்கத்துக்கு விளங்கிவிட்டது. விட்டுப்போன இரண்டு பெயர். பலகையில் படம் போட்டுக் காட்டினானே, அந்த இரண்டு பெயரில் ஒன்று வீரையன். அவன் எழுதிய சாப்ட்வேர் அவன் அப்பா பெயரையே கீழே தள்ளியிருக்கிறது. ஊர்ப்பழி சுமந்து மூன்று நாள் உட்கார்ந்து அதை எடுத்து மறுபடி வைத்தவள் இவள். அவள் பெயரை அவன் தள்ளிவிட்டான்.

"அப்புறந்தான் தெரிஞ்சிச்சு, மெசின்ல கோளாறுன்னு. அத எம் மவன்தான் சரிபண்ணினான்! பெங்களூர்ல அதுக்காகத்தானே வேலையே குடுத்தாங்க" என்று வீரையன் அவள் முகத்தைப் பார்த்துப் பெருமையாகச் சொன்னார். "ஒனக்குத் தெரியுமில்ல பாப்பா?"

மீரா சாகிப் நகல் எடுப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து மருமகளைப் பார்த்தார்.

"தெரியுங்க ஐயா" என்றாள் சைத்தூன் பீவி. "சார் பேருதான் போட்டிருக்கு."

உத்தரவை அஞ்சு நகல் எடுக்க வேண்டுமென்று வீரையன் எழுந்து மீரா சாகிப்பிடம் போனார். அதை அவர் கையில் கொடுக்க மனசு வராமல் தானே மிஷின் கண்ணாடியில் வைத்து, நேராக இருக்கிறதா, கோணலாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒன்னு கேக்கலாமா சார்?" என்றாள் மெல்ல.

"கேளுங்க."

"கடைசின்னு நான் ஒரு பேரு வச்சிருந்தேன். அத ஏன் சார் லாஸ்ட்னு மாத்துனீங்க?"

"அது… படிக்கிறவங்களுக்குப் புரியட்டும்னு…"

"நானும் அப்டித்தான் நெனச்சேன் மொதல்ல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். "ஒரு எடத்துல மாத்த மறந்துட்டீங்க. நிரலுக்குள்ளயே வெளக்கமா ஒரு குறிப்பு எழுதியிருந்தேன்ல, அதுல இன்னும் கடைசின்னுதான் இருக்கு. கும்பகோணத்துல ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல டீச்சர் வேலைக்குப் போனேன். நீ என்ன செஞ்சிருக்கன்னு கேட்டாங்க. இதச் சொன்னேன். அவங்க நெட்ல எடுத்துப் பாத்துட்டு, வேற ஆள் பேரு இருக்கேம்மா, அடுத்தவன் வேலைய உன்னோடதுங்கிறியேன்னாங்க. அந்தக் குறிப்பக் காட்டுனேன். கடைசின்னு யாரு வேணா எழுதலாமேன்னு சிரிச்சாங்க."

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால்கூட அவனுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு கிடைத்திருக்கும். மனு எழுத வந்தவரிடம் சர்வே நம்பர் கேட்கிற குரலில்தான் சொன்னாள்.

"நான் போனதும் சரிபண்ணிடறேங்க" என்றான்.

"எப்ப சார்?"

"பெங்களூர் போனதுமே."

"சரி சார்."

கிளம்பும்போது திரும்பிப் பார்த்தான். தாளில் வைத்த மைசூர்பாகு வைத்தது வைத்தபடி இருந்தது.

பெங்களூர் போனான். போன அன்றைக்கே செய்துவிடலாம் என்றுதான் இருந்தான். அரை நிமிஷ வேலை, ஒரு வரி. அன்று களைப்பு. மறுநாள் மேனேஜர் கூப்பிட்டு ஜெர்மனி விசா விஷயம் பேசினார். இந்த நேரத்தில் போய் வேண்டாம், விசா வந்துவிடட்டும். விசா வந்தது. சரி, போய் இறங்கிவிட்டுச் செய்யலாம், அங்கிருந்து செய்தால் என்ன, ஈமெயில்தானே. சத்தமில்லாமல் பெயரை மட்டும் மாற்றிவிடலாமா என்று ஒரு நாள் யோசித்தான். மாற்றினால் குழுவில் யாராவது பார்ப்பார்கள், ஏன் என்பார்கள். அவள் பெயரையும் தன் பெயரையும் சேர்த்துப் போட்டால்? அதுவும் நியாயம்தானே, அடைப்புக்குறியை மாற்றியது யார்? அந்த யோசனை வந்த அன்றைக்கு அவனுக்கே தன்மேல் அருவருப்பாகிவிட்டது. மத்தியானச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோய்க் கைகழுவினான். ஆனாலும் செய்யவில்லை. பதினெட்டு நாள் ஆயிற்று.

இடையில் அப்பா ஊர் பூத்திலிருந்து போன் போட்டார்.

"அந்தக் கடைப் பொண்ணுக்கு ஏதோ வேல கெடைக்காமப் போச்சாம் தம்பி. அவ மாமா பாய் சொன்னாரு. என்ன ஏதுன்னு கேட்டா முகத்தத் திருப்பிக்கிறாரு. ஒன் கம்பெனில சொல்லிப் பாரேன். நல்ல புள்ளடா."

"பாக்கறேன்ப்பா."

"பாக்கறேன்னு வுட்டுடாத. நாம பட்ட கடன் அது."

பத்தொன்பதாவது நாள் காலை பத்தரை மணிக்கு மெயில் வந்தது. அவனுக்குத் தனியாக இல்லை, குழு முழுவதற்கும். அனுப்பியவர் இடத்தில் கடையின் முகவரி இல்லை. சைத்தூன் பீவி என்று புதிதாகத் தன் பெயரிலேயே முகவரி வாங்கியிருந்தாள். விதிமுறையில் இராஜாங்கம் எழுதிவைத்திருந்தபடி அச்சுப் பிசகாமல் அனுப்பியிருந்தாள், தலைப்பு, விளக்கம், திருத்தம், சோதனை என்று. வசை இல்லை, புகார் இல்லை. ஒரு வரி போகிறது, ஒரு வரி வருகிறது, அவ்வளவுதான்.

விளக்கம்: தலைப்பில் ஒரு பிழை.

− கடைசி வரிப் பிழையைத் திருத்தியவர்: வீ. இராஜாங்கம்

+ கடைசி வரிப் பிழையைத் திருத்தியவர்: சைத்தூன் பீவி

சோதனை: நாற்பத்து மூன்று பேர் உள்ள மனுவை மறுபடி அச்சிட்டுப் பார்த்தேன். எல்லார் பெயரும் வருகிறது.

பதினொரு மணிக்குள் சிங்கப்பூரிலிருந்து நெய்னா முகம்மது கேட்டுவிட்டார்: "இராஜாங்கம், இது என்ன? இந்தத் திருத்தத்தைச் சேர்க்கலாமா?" சேர்க்கிற சாவி அவன் ஒருவனிடம்தான் இருந்தது. அவன் ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை. அவள் பொய் சொல்கிறாள் என்று ஒரே ஒரு வரி எழுதினால் போதும், முப்பது பேரும் நம்புவார்கள். மயிலாடுதுறையில் ஒரு ஜெராக்ஸ் கடைப் பெண் பேச்சை யார் எடுப்பார்கள்? அது அவளுக்கும் தெரிந்துதான் அனுப்பியிருக்கிறாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மேனேஜர் தன் கம்ப்யூட்டரில் எதையோ குனிந்து படித்துக்கொண்டிருந்தார்.

பதில் எழுத ஆரம்பித்தான். "நண்பர்களே, சைத்தூன் பீவி சொல்வது சரி. போன வருஷம் அந்த ஒன்பது வரியையும் எனக்கு எழுதி அனுப்பியவர் அவர்தான்." கை தானாக ஓடியது. செய்துவிட்டோம் என்றுகூடத் தோன்றியது. அடுத்த வாக்கியமும் தடங்கலில்லாமல் வந்தது.

"கவனக்குறைவால் நான் அவற்றை என் பெயரில்"

அங்கே கை நின்றது. பஸ்ஸில் அப்பா சிரித்த சிரிப்பு கேட்டது. கூட உட்கார்ந்து தானும் சிரித்தது கேட்டது.

அழிக்கிற பொத்தானில் விரலை வைத்தான். பெயரில், என், அவற்றை, நான், ஒவ்வொன்றாகப் பின்னாலிருந்து போயிற்று. கடைசியில் கவனக்குறைவாலும் போயிற்று. அந்த இடத்தில் வைக்க வேண்டிய சொல் என்னவென்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேனேஜர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து, இவன் இருக்கும் பக்கம் பார்த்தார். இராஜாங்கம் நிமிரவில்லை. கீழே அவள் மெயில் திறந்தபடியே இருந்தது. கழித்தல் குறிக்குப் பக்கத்தில் அவன் பெயர். அதற்கு அடுத்த வரியில் கூட்டல். மேலே, வெறுமையாய்க் கிடந்த வரியின் தொடக்கத்தில் கர்சரின் சின்னக் கோடு மட்டும் நின்று நின்று துடித்தது. அவன் அந்தச் சொல்லைத் தட்டினான்: தெரிந்தே.